மைனஸ் இருபத்தெட்டில் பல்லி

சாவியைத் திருப்பினேன்.
டிக்.
ஒரேயொரு தரம், பல்லி சொன்ன மாதிரி.

வின்னிபெக்கில் பல்லி கிடையாது.
என் கொரோலாவின் பானெட்டுக்குள் மட்டும் ஒன்று
திங்கள் விடிய நாலே முக்காலுக்குக் குடிவந்திருந்தது.
தென்கிழக்கில் சொன்னால் என்ன பலனென்று
பஞ்சாங்கத்தில் இருக்கும்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஐந்தரை ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் என்ன பலனென்று
எனக்கே தெரியும்.

மொன்றியலிலிருந்து தம்பி கௌரிபாலன்
போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னான்.
பிடித்தேன். திருப்பினேன். டிக்.
"அடுக்கடுக்காய்ச் சொன்னால் பற்றறி.
ஒன்றோடு நின்றால் ஸ்டார்ட்டர்" என்றான்
இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்
போர்வைக்குள் கிடந்தபடி.

மீட்டர் வைத்தேன்: பன்னிரண்டு புள்ளி ஆறு.
பற்றறியில் குற்றமில்லை.
சில்லுக் கழற்றும் இரும்பால்
ஸ்டார்ட்டரின் முதுகில் இரண்டு போட்டேன்.
உறுமிக்கொண்டு எழும்பியது கார்.
இனி வேறு சாட்சி எதற்கு?

அடுத்த நாள் தட்டியும் எழும்பவில்லை.
இருநூற்றுப் பத்து டொலர், பழுதுபார்த்துப் புதுப்பித்தது.
"பழையதைத் தந்தால் அறுபது திருப்பித் தருவோம்"
என்றான் உதிரிப்பாகக் கடை ரெனாட்டோ.
செத்ததற்கும் ஒரு பிணைப்பணம்.
முதுகுப்பையில் அதைச் சுமந்து
போர்ட்டேஜ் அவென்யூ பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

பனியில் அட்டை விரித்து, காருக்கடியில் படுத்து,
எந்த வயர் எந்த முனைக்கென்று மறக்காமலிருக்க
பழைய ஸ்டார்ட்டருக்குச் சிவப்பு நகப்பூச்சால்
ஒரு பொட்டு வைத்துக் கழற்றினேன்.
இரண்டையும் அருகருகே வைத்தேன்.
பழையதற்குப் பல் ஒன்பது.
புதியதற்கு எட்டு.
கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி எண்ணினேன்.
தானமாய் வந்த மாடா இது?
காசு கொடுத்த மாடு, பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.
எட்டேதான்.

புதன்கிழமை திரும்பவும் பஸ்.
பெட்டியின் நம்பர் சரி, கம்ப்யூட்டரின் நம்பர் சரி,
உள்ளே இருந்ததுதான் வேறு.
இன்னொரு பெட்டி உடைத்து
ரெனாட்டோவும் நானும் சத்தமாக எண்ணினோம்,
அவன் தகாலொக்கில், நான் தமிழில்.
இருவருக்கும் ஒன்பது வந்தது.
பொட்டு வைத்ததை அங்கேயே ஒப்படைத்து
அறுபதை வாங்கிப் பையில் வைத்தேன்.

இரவு எட்டு மணிக்குக் கடைசி நட்டையும் இறுக்கி
சாவியைத் திருப்பினேன்.

டிக்.

புது வீட்டிலும் அதே பல்லி.

இந்தத் தடவை தம்பிக்கு எடுக்கவில்லை.
மேல்மாடி ஹலினா, இரவுடுப்பும் பனிச்சப்பாத்துமாய்
வந்து சாவியைத் திருப்பினாள்.
மீட்டரின் ஒரு முனை பற்றறியின் கறுப்பில்,
மற்றது எஞ்சின் இரும்பில்.
பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில்
மூன்றரை வோல்ட்.
எர்த் வயர்.
உறையைக் கீறினால் செம்பு பச்சைப் பொடியாய் உதிர்ந்தது.
பத்தொன்பது டொலர்ச் சாமான்.

அப்போ அன்றைக்குத் தட்டியபோது எழும்பியது?
அதிர்ச்சியில் எங்கோ நாலு செம்பிழை
ஒன்றையொன்று தொட்டிருக்கும்.
அடித்து வாங்கிய வாக்குமூலம்.
அதையெல்லாம் நம்பக்கூடாதென்று
யாருக்குத் தெரியாவிட்டாலும்
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன்.
"சிவப்புப் பொட்டு வைத்த ஒன்று..."
"வியாழனே லொறி ஏற்றிவிட்டது, அக்கா மாதிரி நீங்கள்,
பொய் சொல்ல மாட்டேன்" என்றான் ரெனாட்டோ.
அவன் தலைக்குமேல் பலகை:
மின்பாகங்கள் திருப்பி எடுக்கப்படா.

எங்கோ ஒரு பட்டறையில் அதைக் கழுவி,
பொட்டை அழித்து, வெள்ளி அடித்து,
புதுப் பெட்டியில் போடுவார்கள்.
தண்டர் பேயில் யாரோ ஒருவர் வாங்கிப் பூட்டுவார்.
முதல் திருப்பிலேயே எழும்பும்.
நன்றாகப் பழுது பார்த்திருக்கிறார்கள் என்பார்.

திங்கள், நாலே முக்கால்.
எழும்பியது.
அணைத்தேன். திருப்பினேன். எழும்பியது.
அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம்
காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.
ஷிப்டுக்கு நாலு நிமிடம் பிந்திப் போனேன்.